பரணிலிருந்து இறங்கிய மைப்புட்டிக்கு வயது கணிப்பது எப்படி? காவிரிப் படுகையில் தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவிலுள்ள ஊர்களில் பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து முதலில் இறங்குவது பித்தளை. அடுத்தது மரப்பெட்டி. கண்ணாடிச் சாமான்களைக் கடைசியில் ஒரே சாக்கில் அள்ளிக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சாக்கை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதற்குள் மைப்புட்டிகள் இருக்கும்.

எங்கள் தாத்தா கிராமக் கணக்குப்பிள்ளை. அடங்கலும் சிட்டாவும் அவர் கையெழுத்தில்தான் இருந்தன. 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் (கணக்குப்பிள்ளை), முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டதும் அவருடைய சாய்வு மேசை பரணேறியது. மேசையின் அறைக்குள் பதினோரு மைப்புட்டிகள் இருந்தன. அவற்றுக்கு வயது கண்டுபிடிக்கப் போய்த்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புட்டிக்கு மூன்று வயது உண்டு. அது ஆலையில் உருவான காலம் ஒன்று. கடைசியாக அதில் மை அடைத்து லேபிள் ஒட்டிய காலம் இன்னொன்று. மை தீர்ந்த பிறகு நம் வீடுகளில் அது வேறு வேலைக்குப் போன காலம் மூன்றாவது. இங்கிலாந்து, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் போட்டுவைத்திருக்கும் அட்டவணைகள் முதல் வயதை மட்டுமே சொல்லும், அதுவும் அந்த நாட்டுப் புட்டிகளுக்கு. நம் ஊரில் இந்த மூன்றும் ஐம்பது ஆண்டுகூட விலகி நிற்கலாம். அதனால் ஒற்றை ஆண்டைத் தேடாதீர்கள். “இந்த ஆண்டுக்கு முன்னால் இருக்க முடியாது” என்று சொல்லும் கீழெல்லையை முதலில் பிடியுங்கள். மேலெல்லை பிறகு வரும்.

கழுவாதீர்கள்

கிடைத்த கையோடு குழாயடிக்குக் கொண்டுபோவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் பட்டால் லேபிளின் எச்சமும் உள்ளே காய்ந்த மையும் போய்விடும். முதலில் நாலு பக்கமும், வாயும், அடியும் படம் எடுங்கள். எங்கே கிடைத்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். பரணா, கொல்லை எருக்குழியா, குளம் தூர்வாரிய மண்ணா என்பது பின்னால் மிகவும் தேவைப்படும்.

பிறகு ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, லேசாக ஈரமாக்கி உள்ளே தொட்டுப் பாருங்கள். துரு நிறத்தில் கறுப்புத் தூள் ஒட்டினால் அது இரும்பு கலந்த மை. நம் வீடுகளில் கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்துக் காய்ச்சியதும், ஐரோப்பாவில் ஓக் மரத்து மாசிக்காயைக் கொண்டு செய்ததும் ஒரே ரசாயனம்தான். நூற்றாண்டுக் கணக்கில் பழகிய மை என்பதால் காலம் சொல்லாது. பஞ்சு பட்டதும் பளிச்சென்று ஊதா பரவினால் சேதி வேறு. முதல் செயற்கைச் சாயமான ஊதாவைப் பெர்கின் கண்டுபிடித்தது 1856இல். அந்த மை பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும். சிவப்பையும் நீலத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கொச்சினீல் பூச்சியின் சிவப்பும் அவுரியின் நீலமும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் டார்ச் ஒன்றும் போதும். காலை எட்டு மணிக்கு முற்றத்தில் சாய்வாக விழும் வெயில் எந்த விளக்கையும்விட நன்றாகக் காட்டும்.

முதலில் வாய்

பாதிக் கணக்கு வாயிலேயே முடிந்துவிடும். புட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடும். இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடம் அது. அந்தக் கோட்டின் மேல் நகத்தை வைத்து மெதுவாக மேலே கொண்டுபோங்கள்.

கோடு கழுத்திலேயே மங்கி மறைந்தால் அந்தப் புட்டியை வாயால் ஊதி, விளிம்பைக் கையால் முடித்திருக்கிறார்கள். கோடு விளிம்பைத் தாண்டி உச்சி வரை ஏறினால் அது இயந்திரத்தில் பிறந்தது. இங்கிலாந்தில் ஆஷ்லி என்பவர் 1880களின் பிற்பகுதியிலேயே அரை இயந்திர முறையைக் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் முழுத் தானியங்கி இயந்திரம் 1903இல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு இருபது ஆண்டுக்குள் மேலைநாட்டு ஆலைகளில் வாயால் ஊதும் வேலை பெரும்பாலும் ஓய்ந்துபோனது.

கையால் முடித்த வாயிலும் ரகங்கள் உண்டு. கழுத்தின் மேல் தனிக் கண்ணாடியை உருக்கிச் சுற்றிய விளிம்பு கொஞ்சம் தடித்து, ஓரத்தில் வழிந்தாற்போல் இருக்கும். கோடு அந்த வழிசலுக்கு அடியில் திடீரென்று நின்றுவிடும். இது பெரும்பாலும் 1880களுக்கு முந்தியது. கழுத்துக் கண்ணாடியையே மறுபடி சூடாக்கி, கருவியைச் சுழற்றி வடித்த விளிம்பில் கோடு படிப்படியாக மங்கும். கழுத்தைச் சுற்றி மெல்லிய வளைய வரிகள் தெரியும். அது சுமார் 1870 முதல் 1920 வரை.

நம் பக்கத்துப் பழைய மைப்புட்டிகளில் நான் விரும்பித் தேடுவது மூன்றாவது ரகம். அதன் விளிம்பு உடைந்தாற்போல் சொரசொரப்பாக இருக்கும். சேதமாகிவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது சேதமில்லை. இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு விற்ற மலிவு மைப்புட்டிகளில், ஊதுகுழலிலிருந்து முறித்தெடுத்த வாயை அப்படியே விட்டுவிட்டு, தக்கையும் அரக்கும் வைத்து அடைத்தார்கள். விளிம்பைச் சீராக்கும் கூலி மிச்சம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்படிச் செய்தார்கள். எட்டுப் பட்டையாகவோ சதுரமாகவோ குள்ளமாக இருக்கும். சிலவற்றில் தோளின் மேல் பேனாக்கட்டையைப் படுக்க வைக்க இரண்டு பள்ளங்கள் இருக்கும். விரலால் தடவும்போது கவனம், இன்றைக்கும் கீறும்.

திருகு மூடி போடும் மரை வாயிலேயே வார்க்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் 1920களுக்குப் பிறகு. கறுப்பு பேக்கலைட் (பழைய வகை பிளாஸ்டிக்) மூடி இருந்தால் 1907க்கு முன் போக வழியே இல்லை, அந்தப் பொருளே அந்த ஆண்டில்தான் பிறந்தது. மூடியை மட்டும் நம்பிவிடாதீர்கள். நம் வீடுகளில் பொருந்துகிற மூடியை எடுத்துப் பொருந்துகிற புட்டிக்குப் போடுவது வழக்கம்.

அடியைத் திருப்புங்கள்

அடியின் நடுவில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால் மகிழலாம். வாயை முடிக்கும்வரை புட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக்கோலை அடியில் ஒட்டவைப்பார்கள். அதற்குப் பான்டில் என்று பெயர். பிரித்தெடுத்த இடத்தில் இந்தத் தழும்பு விழும். 1850களில் அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவி வந்ததும் இது குறைந்தது, 1870க்குள் சாதாரணப் புட்டிகளில் அரிதாகிவிட்டது. தழும்பில் சிவப்பாகவோ கறுப்பாகவோ இரும்புப் படிவு தெரிந்தால் 1840கள் முதல் 1870 வரை என்று குறுக்கலாம்.

தழும்புக்குப் பதிலாக, நடுவைவிட்டு ஒரு பக்கம் விலகிய மெல்லிய வட்டமும் அதன் ஓரத்தில் இறகுபோன்ற சுருக்கங்களும் தெரிந்தால் அது ஓவன்ஸ் இயந்திரத்தின் முத்திரை. உருகிய கண்ணாடியை உறிஞ்சி வெட்டிய இடம் அது. 1903க்கு முன் சாத்தியமில்லை. அடியின் ஓரத்தில் தரையைத் தொடும் வளையம் முழுக்கச் சிறு புள்ளிகளோ பிறைவரிகளோ பொறித்திருந்தால் 1940க்குப் பிறகு. இந்தக் கடைசிக் குறி ஒன்றே பல ‘நூறு வருஷத்துப் புட்டி’ பேரங்களை ஒரு நிமிஷத்தில் முடித்துவைக்கும்.

தேய்மானத்தையும் பாருங்கள். நாற்பது ஆண்டு மேசையில் நகர்ந்த புட்டியின் அடியில் கீறல்கள் பல திசைகளில், பல ஆழத்தில், மேடான இடங்களில் மட்டும் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவில் ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

உடல்

கோடே இல்லாமல், குறுக்காக மெல்லிய வட்ட வரிகள் மட்டும் ஓடினால் அச்சுக்குள் சுழற்றி எடுத்த புட்டி, 1880கள் முதல் 1910கள் வரை. தோளிலோ மூலையிலோ ஊசிமுனை அளவு சிறு மேடுகள் தெரிந்தால், அச்சில் காற்று வெளியேறத் துளையிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் 1880களுக்குப் பிறகுதான் பரவியது.

குமிழிகளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குமிழி இருந்தாலே பழசு என்று வியாபாரிகள் சொல்வார்கள். இந்தியக் கண்ணாடித் தொழிலில் மகாராஷ்டிரத்தில் 1908இல் தளேகாவில் பைசா நிதி ஆலையும் 1916இல் ஓகலேவாடி ஆலையும் தோன்றின. சிறு ஆலைகளில் கையால் செய்யும் முறை மேலைநாடுகளில் ஓய்ந்த பிறகும் நெடுங்காலம் நீடித்தது. குமிழியும், கோணல் கழுத்தும், கையால் முடித்த வாயும் கொண்ட புட்டி சுதந்திரத்துக்குப் பிறகுகூட இங்கே பிறந்திருக்கலாம். வெளிநாட்டு அட்டவணை நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

நிறம்

நிறத்தைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். இளம் பச்சையும் நீலமும் கலந்த நிறம் மணலிலுள்ள இரும்பால் வருவது. எந்தக் காலத்திலும் வரும். அந்தச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்த்த கண்ணாடி ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் இளஊதாவாக மாறும். அமெரிக்கப் புட்டிகளில் இது 1880 முதல் 1920 வரை என்பார்கள். ஐரோப்பிய ஆலைகள் அதற்குப் பிறகும் மாங்கனீசு போட்டன. இன்னொன்று, கதிரியக்கம் பாய்ச்சி ஒரே நாளில் ஊதாவாக்கி விற்கிறார்கள். பழைய புட்டியின் ஊதா மெலிதாக இருக்கும். கத்தரிப்பூ நிறத்தில் அடர்த்தியாக இருந்தால் வாங்காதீர்கள்.

கண்ணாடியில் பொறித்த எழுத்து

நாட்டின் பெயரில் தொடங்குங்கள். அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. இந்தியாவிலும் 1889இல் வணிகக் குறிச் சட்டம் வந்தது. அதனால் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் பொதுவாக 1890ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. லண்டன் என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் இந்த விதி செல்லாது, அதை முன்பும் போட்டார்கள்.

பிரிட்டிஷ் புட்டியில் வைரவடிவக் கட்டத்துக்குள் எழுத்துகள் இருந்தால் அது 1842 முதல் 1883 வரை இருந்த வடிவமைப்புப் பதிவுக் குறி. உச்சியிலுள்ள வட்டத்தில் ரோம எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகுப்பு. 1884இலிருந்து கட்டம் போய், ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண் வந்தது. 1890 தொடக்கத்தில் அது சுமார் 1,41,000ஐயும் 1900 தொடக்கத்தில் சுமார் 3,51,000ஐயும் எட்டியிருந்தது. இந்த எண் வடிவத்தைப் பதிந்த ஆண்டைச் சொல்கிறது. அதே அச்சில் பிறகும் பல ஆண்டு வார்த்திருப்பார்கள். ஆகவே இதுவும் கீழெல்லைதான்.

நிறுவனப் பெயர்களில் ஸ்டீபன்ஸ் 1832இல் தொடங்கியது. ஷீஃபரின் ஸ்கிரிப் மை 1922இல் வந்தது, பார்க்கரின் குவிங்க் மை 1931இல். வங்கத்துச் சுலேகா 1934. கேம்லின் 1931இல் மைத்தூளும் மை வில்லையுமாகத் தொடங்கியது. அரசு அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் வந்த பெரிய புட்டிகள் கண்ணாடியில் மட்டுமில்லை, ஊறுகாய் ஜாடிபோன்ற பழுப்புப் பாண்டமாகவும் இருக்கும். அடிப்பக்கத்தில் ‘டென்பி’, ‘ஜே. போர்ன் அண்ட் சன்’ என்று ஆங்கிலத்தில் அழுத்திய முத்திரை இருந்தால் 1850க்குப் பிறகு.

லேபிள்: நம்மால் மட்டுமே படிக்கக்கூடிய பகுதி

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. கிழிந்த லேபிளில் அரை வார்த்தை மிஞ்சினாலும் போதும்.

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், அல்லது மாறிய புதிதில். ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957 ஏப்ரல் 1 முதல் 1964 ஜூன் 1 வரையிலான ஏழு ஆண்டு. வெறும் ‘பை.’ என்றால் அதற்குப் பிறகு. அளவு அவுன்சில் இருந்தால் முந்தியது. மில்லிலிட்டர் 1960களில்தான் பழக்கத்துக்கு வந்தது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. ‘சென்னை ராஜ்யம்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன். ‘மாயூரம்’, ‘தஞ்சை ஜில்லா’ என்பவையும் பழமையின் பக்கம் சாய்பவை. ஆனால் மாயவரத்தை இன்றைக்கும் மாயவரம் என்றுதான் சொல்கிறோம், பெயர்ப் பலகை மாறிய அன்றே அச்சகத்து பிளாக்கும் மாறிவிடாது.

எழுத்து வடிவத்தையும் பாருங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ‘லை’, ‘ணை’, ‘னை’ ஆகியவற்றுக்குத் துதிக்கை போட்ட வடிவமும், ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும் இருந்தன. மைப்புட்டி லேபிளில் கட்டாயம் வரும் இரண்டு சொற்கள் ‘விலை’, ‘அணா’. இரண்டிலும் இந்த எழுத்துகள் இருக்கின்றன! பழைய ஈய எழுத்துகளை வைத்திருந்த சிறு அச்சகங்கள் 1978க்குப் பிறகும் சில காலம் பழைய வடிவத்திலேயே அடித்தன. ஆகவே பழைய வடிவம் உறுதியான சாட்சி ஆகாது. புதிய வடிவம் நல்ல சாட்சி.

நான் இங்கேதான் தவறினேன். தாத்தாவின் புட்டிகளில் ஒன்று கையால் முடித்த வாய், மங்கும் கோடு, அடியில் இயந்திரக் குறி எதுவும் இல்லை. 1900ஐ ஒட்டியது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஒரு மழைநாளில் ஈரக்காற்றில் லேபிளின் மடிந்த ஓரம் தானாக நிமிர்ந்தது. ‘12 ந.பை.’ என்று இருந்தது. உடனே 1957 என்று திருத்தினேன். அதுவும் அவசரம். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் மைத்தூளைக் கரைத்துப் பழைய புட்டிகளில் நிரப்பித் தங்கள் லேபிளை ஒட்டி விற்றார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் பிறகு சொன்னார்கள். அப்படியானால் புட்டி 1900, மை 1957 என்றும் இருக்கலாம். புட்டியே 1950களில் ஒரு சிறு ஆலையில் ஊதப்பட்டதாகவும் இருக்கலாம். லேபிளுக்கு அடியில் இன்னொரு பசைத்தடம் இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்தேன். இருந்தது, வேறு அளவில். மறுபடி நிரப்பிய புட்டி என்பது அதில்தான் உறுதியானது.

நம் ஊரில் அது வாழ்ந்த வாழ்க்கை

கழுத்தைச் சுற்றிக் கரிவளையமும், உள்ளே மஞ்சள் எண்ணெய்ப் படலமும் தெரிந்தால் மண்ணெண்ணெய் விளக்காக இருந்திருக்கிறது. மூடியில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகினால் விளக்கு தயார். மின்சாரம் வராத தெருக்களில் மைப்புட்டி விளக்கில் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கரியைத் தேய்த்து எடுக்காதீர்கள், அதுவும் வரலாறுதான். தைலம், சுண்ணாம்பு, விபூதி என்று வேறு எச்சங்களும் கிடைக்கும்.

மண்ணில் கிடந்த புட்டியில் மயில் கழுத்துபோல் வானவில் படலம் இருக்கும். ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தை அரித்து எடுப்பதால் வருவது அது. ஆண்டுதோறும் தண்ணீர் நின்று வடியும் வயலோர மண்ணில் சீக்கிரமே வரும். பரணில் உலர்ந்து கிடந்தது நூறாண்டு ஆனாலும் பளபளக்கும். ஆகவே படலத்தை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். ஆற்றுமணலில் உருண்டது தேய்ந்து பனிபடர்ந்தாற்போல் இருக்கும், அதிலும் காலக்கணக்கு இல்லை.

கிடைத்த இடத்தின் வரலாறு ஓரளவு உதவும். டச்சுக்காரர் 1781 வரை இருந்த நாகப்பட்டினத்திலும், டேனிஷ்காரர் 1845 வரை இருந்த தரங்கம்பாடியிலும் மிகப் பழைய கண்ணாடிக்கு வாய்ப்பு உண்டு. 1860களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் ஓடிய பிறகு கனமான பெட்டிச் சரக்கு ஊருக்குள் வருவது எளிதானது. 1854இல் பள்ளியாகத் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரிபோன்ற இடங்கள் மையைத் தொடர்ந்து கேட்டன. தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றிலும் கோயில் நிலங்களிலும் தோண்டவே தோண்டாதீர்கள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் கட்டாயம் விசாரியுங்கள்.

குறிப்பேட்டில் எழுதும் முறை

ஒவ்வொரு சாட்சியையும் தனி வரியில், அது தரும் கீழெல்லையோடு எழுதுங்கள். கண்ணாடியிலுள்ள குறிகள் தரும் கீழெல்லைகளில் எது மிகவும் பிந்தியதோ அதுதான் புட்டியின் கீழெல்லை. ஒன்பது குறி 1880 என்று சொல்லி, அடிவிளிம்பின் புள்ளிகள் மட்டும் 1940 என்றால், 1940தான். வாய்க்கும் அடிக்கும் லேபிளுக்கும் தனித்தனியாகவே பதியுங்கள், சராசரி எடுக்காதீர்கள்.

எருக்குழியில் கிடைத்த ஒன்றுக்கு நான் எழுதியது இது:

“எட்டுப் பட்டை, குள்ளம், நீலப்பச்சை. வாய் முறித்தபடி. கோடு கழுத்தில் நிற்கிறது. அடியில் பான்டில் தழும்பு இல்லை, ஆகவே 1850களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. உள்ளே ஊதா மை, ஆகவே மை பெரும்பாலும் 1856க்குப் பிறகு. எழுத்து இல்லை, லேபிள் இல்லை. வானவில் படலம் கணக்கில் சேரவில்லை. புட்டி: சுமார் 1860 முதல் 1910களுக்குள், பெரும்பாலும் இங்கிலாந்து. கழுத்தில் கரி இல்லை, விளக்காகவில்லை. மை தீருமுன் எறிந்திருக்கிறார்கள், அடியில் இன்னும் கால் அங்குலம் உறைந்திருக்கிறது.”